செந்தோசாவிலேயே அறை எடுப்பதா, தேக்காவில் தங்கிப் போய் வருவதா? முதல்முறை வரும் குடும்பங்களுக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த ஒரே கேள்விதான். "பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, சிங்கப்பூர் வர்றோம், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கண்டிப்பா போகணும், ஓட்டல் அங்கேயே போடவா, லிட்டில் இந்தியாவுல போடவா?" செங்காங்கில் என் மூவறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஆறு பேரைப் படுக்க வைக்க இடமில்லை என்பதால், சொந்த அக்கா வந்தாலும் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லிச் சொல்லி எந்த வரிசையில் யோசித்தால் சரியாக வரும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூர் சின்ன ஊர். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியாவைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) யுனிவர்சல் இருக்கும் செந்தோசாத் தீவின் வாசலுக்கு வடக்கு-கிழக்கு ரயில் பாதையில் எங்கும் மாறாமல் ஒரே வண்டி. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆகையால் ‘கிட்டே இருக்கும்’ என்ற காரணத்துக்காக மட்டும் இரண்டு மடங்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. பூங்காவை ஒட்டிய ஓட்டலில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது மதிய நேரத்தை. வெயில் உச்சிக்கு வரும்போது அறைக்குத் திரும்பி, குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, நாலு மணிக்கு மறுபடி உள்ளே போகிற அந்த வசதியை. உங்கள் குடும்பத்துக்கு அது தேவையா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

அறை தேடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லார் பெயரையும் எழுதி, பக்கத்தில் வயது, பிள்ளைகளின் உயரம், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நடப்பார்கள், மதியம் தூங்கும் பழக்கம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். யுனிவர்சலில் 4 வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை, 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட், 13 ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். வயதை விட உயரம் முக்கியம். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர்கோஸ்டரில் ஏற 125 சென்டிமீட்டர் வேண்டும், ஜுராசிக் பார்க் ரேப்பிட்ஸ் படகுக்கு 107, கேனபி ஃபிளையருக்கு 92. வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் வாசலில் அளவுகோலைப் பார்த்துத் திருப்பி அனுப்பும்போது பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்க்கவே முடியாது.

இதற்கும் ஓட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பூங்கா மொத்தம் சுமார் 20 ஹெக்டேர்தான், ஒரு நாள் தாராளமாகப் போதும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதவு திறப்பதிலிருந்து மூடும் வரை யாரும் வெளியே வரமாட்டார்கள், அறை வாசலிலேயே இருந்தாலும் பூட்டியே கிடக்கும். அப்படிப்பட்டவர்கள் தேக்காவில் தங்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாம். எல்லாரும் ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள வாண்டுகள் என்றால், 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட், செசமி ஸ்ட்ரீட் பக்கம் என்று சுற்றிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவீர்கள். அதற்கும் வெளியே தங்குவதே போதும். இரண்டும் கலந்த குடும்பத்துக்குத்தான் சிக்கல்: தாத்தா பாட்டி ஒரு பக்கம், ஐந்து வயது ஒரு பக்கம், கடைசி வரை இருந்தே தீருவேன் என்கிற பன்னிரண்டு வயது இன்னொரு பக்கம்.

என் அக்கா குடும்பம் அப்படித்தான். முதல்முறை வந்தபோது தேக்காவில் அறை எடுத்துக் கொடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு ரேப்பிட்ஸ் படகிலிருந்து இறங்கியபோது அக்காவும் பிள்ளைகளும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள், அடுத்த பத்தாவது நிமிடம் வானம் இருண்டு இடி இறங்க, வெளிப்புறச் சவாரிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஒதுங்கிய கடைக்குள் ஏசி குளிர். சின்னவளின் காலுறையைக் கழற்றி நான் பிழிந்தேன், தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது, அவள் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டே என் தோளில் தூங்கிப்போனாள். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஒரு மணி நேரம் காலை நீட்டுனா போதும்டா, அப்புறம் எத்தனை மணி வரைக்கும் வேணாலும் இருப்பேன்" என்றார். நீட்ட இடம் இல்லை. தேக்கா அறைக்குப் போய்த் திரும்ப நடை, ரயில் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், போனால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பினோம். பெரியவன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்குப் போகவே இல்லை. ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.

அதனால் நான் இப்போது முதலில் கேட்பது பட்ஜெட்டை இல்லை. மதியம் ஒரு மணிக்கு உங்களில் யார் படுக்க வேண்டியிருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

பெயரில் செந்தோசா இருந்தால் மட்டும் போதாது

அடுத்து வரைபடம். அறைகளை மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வட்டம், பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசா வளாகத்துக்குள்ளேயே உள்ள ஓட்டல்கள். ஹோட்டல் மைக்கேல், ஹோட்டல் ஓரா இரண்டிலிருந்தும் யுனிவர்சல் வாசலில் சுழலும் உருண்டைக்குச் சில நிமிட நடைதான். ஈக்வேரியஸ் ஹோட்டலும் இதே வளாகம், ஆனால் மேற்குப் பக்கம், அட்வென்ச்சர் கோவ் நீர்ப்பூங்காவை ஒட்டி. அங்கிருந்து நடை கொஞ்சம் அதிகம். மரங்களும் அமைதியும் பிடித்தவர்களுக்கு நல்ல இடம், மதியத் தூக்கத்துக்காக எடுப்பவர்களுக்கு அவ்வளவு பொருந்தாது.

இரண்டாம் வட்டம், தீவில் வேறு இடங்களில் உள்ளவை. சிலோசோ கடற்கரையில் ஷங்ரிலா ராசா செந்தோசா, இம்பியா பக்கம் வில்லேஜ் ஹோட்டல் என்று பல இருக்கின்றன. தேடும்போது பட்டியலில் ‘செந்தோசா’ என்று வந்தவுடன் பூங்கா வாசலிலேயே இருக்கிறது என்று நினைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். இவையும் நல்ல ஓட்டல்கள்தான், கடற்கரையில் இரண்டு நாள் சும்மா கிடக்க வருபவர்களுக்கு இவைதான் சரி. ஆனால் யுனிவர்சலுக்குப் பேருந்தோ மோனோரயிலோ பிடிக்க வேண்டும். தீவுக்குள் அதற்குக் காசு கிடையாது, நேரம்தான் போகும். தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருப்பதற்கு, தேக்காவிலிருந்து ரயிலில் வருவதே மேல் என்பது என் கருத்து.

மூன்றாம் வட்டம் தீவுக்கு வெளியே, மொத்தச் சிங்கப்பூரும்.

பணக் கணக்கை முழுதாகப் போடுங்கள்

இணையத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது கடைசி விலை கிடையாது. 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி போடுவார்கள். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பார்த்த அறை 220 ஆகி, கடைசியில் 239 வெள்ளி 80 காசாக நிற்கும். ஒரு ஓட்டலின் வரி சேர்க்காத விலையையும் இன்னொன்றின் வரி சேர்த்த விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் ஆள் கணக்கு. இங்கே பல அறைகள் இரண்டு பெரியவர்களுக்கானவை. ஒரு பிள்ளையைக் கூடப் படுக்க வைக்கலாமா, கூடுதல் கட்டிலுக்கு எவ்வளவு, காலைச் சாப்பாடு பிள்ளைக்கும் சேர்த்தா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை ஒரே அறையில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் வழக்கம் இங்கே நடக்காது. இரண்டு அறை என்று ஆனால் ஒட்டிய ஓட்டலுக்கும் வெளி ஓட்டலுக்கும் உள்ள வித்தியாசமும் இரண்டு மடங்காகிவிடும். மூன்று இரவு வளாகத்துக்குள் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

போக்குவரத்துச் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தை ஒட்டிய விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியிலிருந்து கிளம்பும் செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயிலுக்கு உள்ளே போக ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வரக் கட்டணம் இல்லை. அதையும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் விவோசிட்டிக்குப் பின்னால் தண்ணீரை ஒட்டி போர்ட்வாக் என்ற பலகை நடைபாதை இருக்கிறது. நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, பத்து பதினைந்து நிமிடத்தில் நேராகப் பூங்காப் பக்கம் கொண்டுபோய் விடும். காலையில் கடல் காற்றில் நடந்து போவது எனக்கு மோனோரயிலை விடப் பிடிக்கும்.

சாப்பாட்டுச் செலவு மட்டும் கவனிக்க வேண்டியது. தேக்காவில் தங்கினால் காலை இட்லியும் தோசையும் வாசலிலேயே கிடைக்கும், 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் ஒரு பக்கம், தேக்கா சென்டர் உணவங்காடி ஒரு பக்கம். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்கள் கூட வந்தால் இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். செந்தோசாவில் தங்குபவர்கள் விவோசிட்டியில் இருக்கும் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் பழம், ரொட்டி, தயிர், பிள்ளைகளுக்குப் பால் எல்லாம் முதல் நாளே வாங்கி அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியே தங்குவதென்றால்

வடக்கு-கிழக்குப் பாதையை விட்டு நகராதீர்கள். ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா, சைனாடவுன், ஊட்ரம் பார்க் நிலையங்களிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அறை கிடைத்தால் போதும். வேறு பாதையில் இருபது வெள்ளி குறைவாகக் கிடைத்தாலும், இரவு பத்து மணிக்குத் தூங்கும் பிள்ளையோடு நிலையத்துக்குள் ரயில் மாற நடக்கும்போது அந்த இருபது வெள்ளியின் அருமை தெரியும். கேலாங் பக்கம் வாடகை குறைவாக இருக்கும், ஆனால் சில சந்துகள் இரவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வசதிப்படாது, நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்து அறை விவரத்தில் ஜன்னல் என்ற வார்த்தையைத் தேடுங்கள். சிங்கப்பூரில் மலிவு ஓட்டல்கள் பலவற்றில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு, அது விவரத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் எழுதியிருக்கும். ஒருமுறை என் மாமனார் மாமியாருக்குப் படத்தைப் பார்த்து ஓர் அறை எடுத்தேன். படத்தில் திரைச்சீலை அழகாகத் தொங்கியது. போய் விலக்கிப் பார்த்தால் பின்னால் வெறும் சுவர். விடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் மாமனார் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதே போல லிஃப்ட். பழைய கடைவீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கும் இடங்களில் குறுகலான மரப்படிதான் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் ‘லிஃப்ட் இருக்கிறதா, வாசலில் படி எத்தனை’ என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

தேக்காவில் ஞாயிறு மாலை கூட்டம் நெருக்கியடிக்கும். வாரம் முழுக்க உழைத்த நம் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கவும் வீட்டுக்குப் பணம் அனுப்பவும் வரும் நாள் அது. பெட்டிகளோடு டாக்சியில் வந்து இறங்குவதை வேறு நாளுக்கோ காலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

பூங்கா பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும், மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறும், உங்கள் தேதிக்கு அவர்கள் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்காவிலிருந்து எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு உருண்டை முன்னால் நிற்கலாம், கூட்டம் சேரும் முன் படமும் எடுத்துவிடலாம். பையில் ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை, பிள்ளைகளுக்கு இரண்டு, ஒரு மெல்லிய துண்டு, மழைக்கோட்டு, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. அறை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அந்தப் பைதான் அறை.

இரண்டையும் கலப்பது

கலப்புக் குடும்பத்துக்கு நான் இப்போது சொல்லும் வழி இது: மற்ற இரவுகள் தேக்காவில், ஒரே ஓர் இரவு வளாகத்துக்குள். அந்த ஓர் இரவைச் சரியாக வைத்தால் இரண்டு பகல் கிடைக்கும். ஓட்டலில் அறை கொடுப்பது பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு என்றாலும், காலையிலேயே போய் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்கோ ஓஷனேரியம் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கோ போகலாம். மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மாலை வரை சுற்றலாம்.

போன டிசம்பரில் அக்கா குடும்பம் மறுபடி வந்தபோது இப்படித்தான் செய்தோம். முதல் நாள் காலை டாக்சியில் போய் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, 2025 ஜூலையில் புதிதாகத் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியத்தைப் பார்த்தோம். உள்ளேயே குளுகுளு என்று இருப்பதால் அம்மாவுக்குச் சிரமமில்லை. மூன்று மணிக்கு அறை. மறுநாள் யுனிவர்சல். காலையிலேயே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்குமே, மதியம் எப்படித் தூங்குவது என்பதுதான் இந்தத் திட்டத்தில் ஓட்டை. அதனால் முன்பதிவு செய்யும்போதே தாமதமாகக் காலி செய்ய எவ்வளவு கட்டணம் என்று கேட்டு, இரண்டு மணி வரை நீட்டித்துக்கொண்டோம். பன்னிரண்டு மணிக்கு அம்மாவும் சின்னவளும் அறைக்குப் போய்ப் படுத்தார்கள், நானும் பெரியவனும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் நின்றோம். நீட்டிப்பு கிடைக்காது என்றால் வரிசையை மாற்றி, வந்து இறங்கும் நாளில் யுனிவர்சலை வைத்து, மூன்று மணிக்கு அறை கிடைத்ததும் எல்லாரும் படுத்து எழுந்து மாலை போகலாம்.

வெளியே வந்து மறுபடி நுழைவதற்கு, வாசலில் கையில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், டிக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இதை மறந்துவிட்டால் ஒட்டிய ஓட்டலுக்குக் கொடுத்த பணம் முழுக்க வீண்.

வேறு ஊர் அனுபவத்தை இங்கே பொருத்தாதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் "உள்ளேயே தங்குங்க, எக்ஸ்பிரஸ் பாஸ் சும்மா தருவான்" என்று சொல்லக்கூடும். ஒர்லாண்டோ யுனிவர்சலில் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஓட்டல்களில் தங்குபவர்களுக்கு அப்படிக் கொடுத்து வந்திருக்கிறார்கள், டிஸ்னி வோர்ல்டில் உள் ஓட்டல்காரர்களுக்கு அரை மணி முன்னதாக நுழைவு உண்டு. தோக்கியோ டிஸ்னியிலும் அவர்கள் ஓட்டலில் தங்கினால் 15 நிமிடம் முன்னால் போகலாம். அங்கெல்லாம் அந்தச் சலுகைக்காகவே உள்ளே தங்குவது நியாயம். இங்கே அறை எடுத்தாலே எக்ஸ்பிரஸ் பாஸ் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், முன்பதிவுத் தாளில் எழுத்தில் இருப்பது மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம். டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் அறைத் தொகுப்புகளில், டிக்கெட் எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் இருக்கும், பிள்ளைகளுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

மிருகக்காட்சிசாலைகள் இருக்கும் மண்டாய் கதை வேறு. நைட் சஃபாரி முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல் தூங்கி விழும் பிள்ளைகளோடு தேக்காவுக்குத் திரும்புவது உண்மையிலேயே தூரம். 2025இல் அங்கேயே காட்டுக்குள் ஒரு ரிசார்ட் திறந்திருக்கிறார்கள். கையில் பணம் இருந்து, ஓர் இரவுதான் ஆடம்பரம் என்று முடிவு செய்தால், விலங்குகள் மேல் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு அந்த இரவை மண்டாயில் வைக்கச் சொல்வேன்.

முன்பதிவு செய்யும்போது

ஜூன், நவம்பர் இறுதி முதல் டிசம்பர் முடிய இங்கே பள்ளி விடுமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம். அந்த நாட்களில் செந்தோசா அறை விலை ஏறும். ஃபார்முலா ஒன் பந்தய வார இறுதியில் ஊர் முழுக்கவே ஏறும். ரத்து செய்யக்கூடிய அறையைச் சில வெள்ளி அதிகம் கொடுத்தாவது எடுத்து வைத்து, விசா, விமான டிக்கெட் உறுதியான பிறகு மலிவாக ஏதாவது கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வார நாளுக்கும் சனிக்கிழமைக்கும் ஒரே அறையின் விலை எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு, உள்ளே தங்கும் அந்த ஓர் இரவை செவ்வாய் புதனில் வைத்தால் வரிசையும் குறையும்.

சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான எஸ்ஜி வருகை அட்டையை (SG Arrival Card) வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதிகாரபூர்வத் தளத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணமே கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். தங்குமிடம் கேட்கும் இடத்தில் முதல் இரவு ஓட்டலைப் போடுங்கள், இரண்டு ஓட்டலின் முன்பதிவுத் தாளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் இரவு விமானம் என்றால் செந்தோசாவிலிருந்து நேராக சாங்கி போய்விடலாம். பெட்டிகளும் ஆறு பேரும் என்றால் சாதாரண டாக்சி போதாது, ஆறு இருக்கை வண்டியைச் செயலியில் கேளுங்கள், மாலை நேரத்தில் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பே தேட ஆரம்பித்துவிடுங்கள். அதற்குள் ஒருவர் போய் பெட்டிகளை எடுத்து வந்துவிடலாம்.